ஒரே உலை

மகளை விற்பதற்காகப் பழவேற்காட்டுத் துறைக்குப் புறப்பட்ட அன்று காலையில், அங்காளம்மாள் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். பார்வையாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாக அரிசி கிடைக்கும் என்று பக்கத்துக் குடிசைக்காரி சொல்லியிருந்தாள். எண்ணெய் இல்லை. தண்ணீர் தொட்டுத்தான் வாரினாள். செல்வம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போவது போலக் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மழை பொய்த்து இரண்டாவது வருஷம். சந்திரகிரி ராஜாவின் ஆட்களும் கோல்கொண்டாக் குதிரைப்படையும் மாறி மாறி வந்துபோனதில், காட்டூர்ப் பக்கத்து வயல்களில் மிஞ்சியிருந்த விதைநெல்லும் போயிற்று. ஏரிக்கு ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டது. உப்பு ஏறிப்போன ஏரியில் மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் மணல்திட்டின் மேல் இருந்த புன்னைக்குப்பத்தில், மீன் பிடித்தாலும் அதைக் கொடுத்துத் தானியம் வாங்க ஆள் இல்லை. ஒல்லாந்தர் கோட்டையில் மட்டும் அரிசி இருந்தது. அதை அவர்கள் மனிதர்களுக்கு மாற்றாகக் கொடுத்தார்கள். வாங்கிய மனிதர்களை அடிமைகளாக, கடலுக்கு அப்பால் இருந்த பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

துறை மேட்டில் தாயும் மகளும் ஏறும்போது தருமன் எதிரே வந்தான். அதே குப்பத்துக்காரன். படகில் கூலிக்குத் துடுப்புப் போட்டவன். பஞ்சம் வந்த பிறகு கோட்டை வெடிமருந்துச்சாலையில் வெடியுப்பு சுமக்கப் போய்க்கொண்டிருந்தான். உள்ளங்கை இரண்டும் வெடித்திருந்தன.

"இன்னா அங்காளம்மா, புள்ளைய எங்க இட்டுனு போற?"

"கேக்காத தருமண்ணா. அங்க போனா சோறாவது துன்னும்."

தருமன் செல்வம்மாளின் பின்னலைப் பார்த்தான். பிறகு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எம் பொண்டாட்டியும் இதத்தான் சொன்னா. பெரியவனையாவது இட்டுனு போயி வுட்டுட்டு வரேன்னா. நான் வாணாம்னு தடுத்தேன். தடுத்தேனே தவிர சோறு போட முடியல. புள்ளைங்களும் போச்சு, அவளும் போனா."

"அப்ப என்னை இன்னாத்துக்குத் தடுக்கிற?"

"செங்கல்வராயன் குடில்ல அரிசி கீது. நானே சொமந்து எறக்குனேன். கருவாட்டக் குடுத்து கோட்டையில வாங்குன மூட்டைங்க. கூரை தொட அடுக்கி வெச்சிருக்காரு." எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான். "ஊட்டுக்குப் போ. ரெண்டு நாளு குடு எனக்கு. அதுக்கப்புறம் நீ எங்க இட்டுனு போனாலும் நான் கேக்கல."

அங்காளம்மாள் திரும்பினாள். திரும்பி நடக்கும்போதுதான் செல்வம்மாளுக்கு விஷயம் புரிந்தது போலிருக்கிறது. வழி முழுக்க அம்மாவின் முந்தானையை விடவே இல்லை.

செங்கல்வராயனுக்குத்தான் குப்பத்தின் பெரிய படகுகளும் கரைவலைகளும் சொந்தம். ஏரியில் மீன் பிடிக்கும் பாடு எல்லா வீட்டுக்கும் முறை வைத்துத்தான் வரும். அது பரம்பரை வழக்கம். ஆனால் பாடு இருந்து என்ன, படகும் வலையும் அவர் கொடுத்தால்தான் உண்டு. பஞ்சத்தில் அவர் யாருக்கும் ஒரு பிடி கொடுக்கவில்லை. தம் படகில் வேலை செய்த குடும்பங்களையே கோட்டைக்குக் கைகாட்டி விட்டார் என்றும் பேச்சு இருந்தது. அது பொய்யில்லை.

தருமன் முதலில் போய் நின்றது அங்காளம்மாளின் அண்ணன் வரதனிடம். இருவரும் சிறு வயதிலிருந்தே ஒரே கட்டுமரத்தில் போனவர்கள். வரதன் அதிகம் பேசமாட்டான். பேசினால் ஊர் கேட்கும். அவன் வந்தான் என்றதும் மற்றவர்களும் வந்தார்கள்.

பட்டப்பகலில், ஊரே பார்க்கக் குடிலின் பூட்டை உடைத்தார்கள். செங்கல்வராயன் மீன் வெட்டும் கத்தியோடு வாசலில் நின்றார். யாரும் அவரை அடிக்கவில்லை. குப்பன் மட்டும் பாய்ந்தான். குப்பன் அவர் படகிலேயே வளர்ந்தவன். கைதவறி வலையைக் கிழித்ததற்காக ஒருமுறை பாய்மரத்தில் கட்டி அடிக்கப்பட்டவன். அந்தத் தழும்பு முதுகில் இருந்தது. தருமன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"வாணாம். அவரும் துன்னட்டும். எல்லாருக்கும் இன்னா அளவோ அதே அளவு."

அம்மன் கோயில் அண்டாவைத் தூக்கிவந்து புன்னை மரங்களுக்கு நடுவே அடுப்புக் கூட்டி ஏற்றினார்கள். அந்த அரிசிக் கஞ்சியின் வாசனைக்குக் கிழவர்கள் தவழ்ந்துகொண்டு வந்தார்கள். குடித்து முடித்ததும் தருமன் சொன்னான்: இனிமேல் குப்பத்தில் ஒரே உலைதான். படகு எல்லாருக்கும், வலை எல்லாருக்கும், பிடிக்கிற மீன் எல்லாருக்கும். உன்னது என்னது என்கிற பேச்சு இருந்ததால்தானே நம் பிள்ளைகள் செத்தன. நாளைக்கு யார் எங்கே போவது என்று தினமும் சாயந்திரம் இங்கே உட்கார்ந்து எல்லாரும் பேசி முடிவு பண்ணுவோம். பெண்டுகளும் பேசலாம்.

அகப்பையை அங்காளம்மாளிடம் கொடுத்தது ஊர்க்கூட்டம்தான். அவள் யாருக்கும் கூடவும் போடமாட்டாள், குறைக்கவும் மாட்டாள் என்றார்கள். மகளைக் கடைசியில் நிற்கவைத்துத்தான் ஊற்றினாள்.

அந்த வாடைக்காலம் முழுக்கப் புன்னைக்குப்பத்தில் பட்டினியால் யாரும் சாகவில்லை. சுற்றுக் குப்பங்களில் குடிசைகள் காலியாகிக்கொண்டிருந்தன. ஆரம்பாக்கத்திலிருந்து பழவேற்காட்டுக்கு மனிதர்கள் வரிசையாக நடந்து வந்தார்கள், தம்மைத் தாமே விற்றுக்கொள்ள. இங்கேயோ ஆண்கள் கடலுக்குப் போனார்கள், பெண்கள் உப்புச் சேற்றில் முளைக்கும் உமிரிக்கீரை பறித்துவந்தார்கள், கருவாடு காய்ந்தது. சாயந்திரக் கூட்டத்தில் சண்டை வந்தது. சிரிப்பும் வந்தது. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நண்டைச் சேலைக்குள் ஒளித்துக் கொண்டுபோக, நண்டு கடித்து அவள் கத்திவிட்டாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. "நண்டுக்குக்கூட ஊர்ப்பற்று கீதுடா" என்று வரதன் சொன்னான். தருமனும் சிரித்தான். பெண்டாட்டி போன பிறகு அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

செங்கல்வராயன் மற்றவர்களோடு துடுப்புப் போட்டார். கை கொப்புளித்தது. அங்காளம்மாள் ஊற்றும்போது ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொள்வார்.

குதிரைக்காரர்கள் வந்தது அதற்குப் பிறகு. எந்த ராஜாவின் ஆட்கள் என்று யாருக்கும் தெரியாது. படையிலிருந்து பிரிந்து கொள்ளையடித்துத் திரிந்தவர்கள். பாதி வற்றிப்போன ஏரியின் சேற்றுப்பக்கமாகவே குதிரைகளை ஓட்டிவந்து மூட்டைகளில் பாதியை ஏற்றிக்கொண்டு, தடுத்த இருவரைக் குத்திப்போட்டுவிட்டுப் போனார்கள். அன்று சாயந்திரக் கூட்டத்தில் தருமன் காவல் வேண்டும் என்றான். திடமான ஆட்களாகச் சிலர். அவர்கள் கடலுக்குப் போகவேண்டாம். ராப்பகலாகக் கண்விழிப்பதால் அவர்களுக்கு ஓர் அகப்பை கூடுதல். தலைவனாகக் குப்பன்.

வரதன் மட்டும் எழுந்தான். "காவல் வாணாம்னு சொல்லல. முறை வெச்சுக்கலாம். பாடு மாதிரி. இன்னிக்கு நீ, நாளைக்கு நான். அகப்பையும் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"ஈட்டி புடிக்கத் தெரியாதவன் முறைக்கு நின்னா மறுபடியும் ரெண்டு பொணம் வுழும்" என்றான் தருமன்.

குத்துப்பட்டவர்களின் உடல்கள் இன்னும் மூடிக் கிடந்தன. ஊர் தருமன் பக்கம் தலையாட்டியது. அங்காளம்மாளும் ஆட்டினாள். குடிலுக்குப் புதுப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தருமன் இடுப்பில் செருகிக்கொண்டான்.

அதற்கப்புறம் கூட்டம் நின்றது. அதற்கும் காரணம் இருந்தது. எந்த வலையை எங்கே போடுவது என்று ஒருநாள் வாக்குவாதம் முற்றி, விடிந்த பிறகும் ஓயாமல் தொடர்ந்ததில் படகு தள்ளுகிற நேரம் தப்பிப்போயிற்று. கடலுக்கு யாரும் போகவில்லை. மறுநாள் உலையில் வெறும் கீரை. மழை வருகிறவரை கூட்டம் வேண்டாம், நான் சொல்கிறபடி செய்யுங்கள், மழை வந்தபின் ஆசைதீரப் பேசலாம் என்று தருமன் சொன்னபோது பலருக்கும் நிம்மதியாக இருந்தது. நாளெல்லாம் துடுப்புப் போட்டுவிட்டு வந்து பேசுவதற்கு யாருக்குத் தெம்பு?

கொஞ்சம் கொஞ்சமாக மீன் குறைந்தது. கடல்தான் கொடுக்கவில்லையா, ஆட்கள்தான் சீக்கிரம் திரும்பிவிட்டார்களா என்று சொல்ல முடியாது. இரண்டும் இருந்தது. வலை கிழிந்தால் கிழிந்தபடி கிடந்தது. யார் வலை என்று இல்லாததால் யார் பின்னுவது என்றும் இல்லை. குறைவாகக் கொண்டுவரும் படகுக்குப் பாதிக் கஞ்சி என்று தருமன் உத்தரவு போட்டான். பாதிக் கஞ்சி குடித்தவர்கள் மறுநாள் இன்னும் குறைவாகக் கொண்டுவந்தார்கள்.

ஒரு குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் சேற்றைக் கடந்து போய்விட்டது. மறுநாள் முதல் துடுப்புகளையெல்லாம் குடிலுக்குள் வைத்துப் பூட்டினார்கள். துறைக்குப் போக அனுமதி கேட்கவேண்டும். ஆள் குறைந்தால் கரைவலை இழுக்க முடியாது, இழுக்காவிட்டால் மிச்சமிருப்பவர்கள் சாவார்கள், ஓடுகிறவன் எல்லாரையும் கொன்றுவிட்டுத்தான் ஓடுகிறான் என்றான் தருமன். அவன் சொன்னதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. அவன் தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவுமில்லை. வரிசையில் நின்று ஒரே அகப்பை வாங்கினான். கன்னம் ஒட்டிப் பேய் போலிருந்தான். காவல்காரர்களுக்குத்தான் இப்போது தனிச்சட்டி.

ஒருநாள் செங்கல்வராயன் கஞ்சி வாங்கும்போது மெல்லச் சொன்னார்: "நான் பண்ணது பாவம்தான் அங்காளம்மா. இல்லேன்னு சொல்லல. ஆனா ஒண்ணு. என் குடிலுக்கு நான்தான் காவல் நின்னேன். ஊர்க் குடிலுக்குக் காவல் வேற ஆள் நிக்கணும். நிக்கறவன் கையிலதானே அப்புறம் ஊரு? இது இப்படித்தான் போவும். ஒரே உலைன்னா ஒரே அகப்பைதான். ஒரே அகப்பைன்னா ஒரே கைதான்."

"அகப்பை எங்கையிலதான் கீது, மாமா. நான் யாரையும் அடிக்கலியே."

அவர் சிரிப்பது போல வாயைக் கோணிக்கொண்டு நகர்ந்தார்.

சில நாள் கழித்து அவர் காணாமல் போனார். ஓடிப்போய்விட்டார் என்றான் குப்பன். அதே சாயந்திரம் படகில் அரிசி மூட்டைகள் வந்தன. கருவாடு கொடுத்து வாங்கினோம் என்றார்கள். நல்ல வெள்ளை அரிசி. ரொம்ப நாளைக்குப் பிறகு கஞ்சி கெட்டியாக இருந்தது. ஊர் இரண்டாம் தரம் வரிசையில் நின்றது. செல்வம்மாள் கலத்தை நக்கினாள்.

மறுநாள் கருவாட்டுக் கூடை இறக்கப் பழவேற்காட்டுத் துறைக்குப் போன வரதன் உச்சிவெயிலில் திரும்பி வந்தான். நேரே அடுப்பருகே வந்து உட்கார்ந்தான்.

"கஞ்சி ஊத்தட்டா, அண்ணே?"

"வாணாம்."

"உடம்புக்கு இன்னா?"

"செங்கல்வராயனைப் பார்த்தேன். துறையில. கையக் கட்டி வரிசையில நிக்க வெச்சிருந்தாங்க. என்னைப் பார்த்தாரு. ஒரு வார்த்தை பேசல." வரதன் அண்டாவைக் காட்டினான். "நேத்து நாம துன்னது அவரத்தான்."

அங்காளம்மாள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். வாந்தி வரும்போல இருந்தது. வரவில்லை. உடம்பு அந்தக் கஞ்சியை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

அன்று சாயந்திரம் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது வரதன் முன்னால் போய் நின்றான். சத்தம் போடவில்லை.

"தருமா, கூட்டம் போடணும்."

"மழை வரட்டும்னு சொல்லியிருக்கேன்."

"செங்கல்வராயன கோட்டையில வித்தியா?"

தருமன் மறைக்கவில்லை. அவன் மறைப்பான் என்று அங்காளம்மாள் எதிர்பார்த்தாள். மறைத்திருந்தால்கூட ஒருவேளை பரவாயில்லை.

"வித்தேன். நம்ம ஆளுங்கள அவரு வித்தாரு இல்ல? யாரு கேட்டீங்க? நேத்து குடில்ல ஒரு படி இல்ல. தெரியுமா உங்களுக்கு? எனக்குத்தான் தெரியும். சாவி எங்கிட்டதானே கீது. ஒரு ஆளா, எம்மாம் புள்ளைங்களான்னு பார்த்தேன். நீ இன்னா பண்ணியிருப்ப, சொல்லு. எந்தப் புள்ளைக்கு ஊத்தாத வுட்டிருப்ப?"

"எனக்குத் தெரியாது" என்றான் வரதன். "ஆனா எங்களையும் கேட்டிருக்கணும். நாங்க எல்லாம் சேர்ந்து வித்திருந்தா அந்தப் பாவம் எங்களுது. இப்ப நீ வித்துட்டு எங்க வாயில ஊத்தியிருக்க. நாளைக்கு வேற ஒருத்தன் போவான். யாருன்னு நீ மட்டும் முடிவு பண்ணுவ."

குப்பன் ஈட்டிக்கட்டையால் வரதனின் தோளில் அடித்தான். வரதன் விழுந்தான். தருமன் குப்பனைத் தடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் கலத்தை நீட்டினார்கள். அங்காளம்மாள் ஊற்றினாள். இரண்டு மூன்று பேர் காலில் சிந்தியது.

மறுநாள் காலை அவள் அடுப்பில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தபோது, குடிலிலிருந்து சமையலுக்கு எடுத்துவைத்திருந்த கருவாட்டுக் கூடையைக் குப்பன் தூக்கிக்கொண்டு போனான். காவலுக்கு என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. வரதன் குடிசையில் மணலைத் தோண்டி ஒரு கூடை கருவாடு எடுத்தார்கள். ஊர்ச் சொத்தைத் திருடிப் புதைத்திருக்கிறான் என்றார்கள்.

இத்தனை மாதம் கழித்துக் கூட்டத்துக்கு ஆள் விட்டான் தருமன்.

கூட்டத்துக்கு முன் அவனே அடுப்படிக்கு வந்தான். உட்காரவில்லை. செல்வம்மாள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றான்.

"நீ பார்த்தேன்னு குப்பன் சொன்னான்."

"பார்த்தேன்."

"அங்காளம்மா, நான் உன்னாண்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்கறேன். நீ பொய் சொல்ல வாணாம். சும்மா இரு. அவ்ளோதான்."

"அவன் உன் கூடவே வளந்தவன், தருமண்ணா."

"தெரியும். அவன் பேச்சை ஊர் கேட்டா காவல் கலையும். காவல் கலைஞ்சா ஆளாளுக்குக் குடில்ல பூந்து அள்ளிக்குவாங்க. ஒரே நாள்ல அரிசி தீந்துடும். மறுநாள் நீ மறுபடியும் உம் மவளுக்குத் தலை வாருவ. அதானே வேணும்?"

அவன் சொல்வது நடக்கக்கூடியதுதான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் பொய்யனாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

புன்னை மரத்தடியில் ஊர் கூடியது. வரதனின் கைகள் முதுகுப்புறம் கட்டப்பட்டிருந்தன. குப்பன் கூடையைக் காட்டினான். யாராவது ஏதாவது சொல்லவேண்டுமா என்று தருமன் கேட்டான். கேட்கும்போது அங்காளம்மாளைப் பார்க்கவில்லை.

அவள் எழுந்தாள்.

"அது என் அடுப்பாண்ட இருந்த கூடை. காலையில குப்பன் எடுத்துனு போனான். நான் கண்ணால பார்த்தேன். எங்க அண்ணன் திருடல."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாருக்கும் அவள் கஞ்சி ஊற்றியிருக்கிறாள். யார் வயிறு எவ்வளவு கேட்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். நண்டை ஒளித்த பெண் மடியில் இருந்த குழந்தையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒருவரும் நிமிரவில்லை.

"வேற யாராச்சும் பார்த்தீங்களா?" என்றான் தருமன்.

யாரும் பார்க்கவில்லை.

"தங்கச்சி அண்ணனுக்காகப் பேசுது. பேசத்தான் செய்யும்" என்றான். அவ்வளவுதான் தீர்ப்பு.

கோட்டையில் விற்பதற்காக வரதனைப் படகில் ஏற்றும்போது அவன் திமிறவில்லை. அங்காளம்மாள் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி ஓடினாள். "நீ பேசுன இல்ல, போதும். புள்ளைய இட்டுனு இங்கேருந்து போ" என்று வரதன் கத்தினான். படகு நகர்ந்தது. அகப்பையை அன்றே வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். அங்காளம்மாளுக்கும் செல்வம்மாளுக்கும் சேர்த்துப் பாதி அகப்பை விழுந்தது. புதியவள் நிமிர்ந்து பார்க்காமல் ஊற்றினாள்.

இரண்டு பேரும் மறுநாள் உமிரிக்கீரை பறிக்கப் போவதுபோலப் போய், சேற்றிலேயே நடந்து பழவேற்காட்டுக் கரை ஏறினார்கள். காவல்காரன் ஒருவன் பார்த்தான். கூப்பிடவில்லை. பாதி அகப்பை மிச்சம் என்று நினைத்தானோ, இல்லை மனசாட்சிதானோ.

துறையில் வரதன் இல்லை. முந்தின நாளே ஆட்களைக் கப்பலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கப்பல் ஆழத்தில் நின்றது, பாய் விரிக்காமல். கோட்டையில் மொழிபெயர்க்கிற துபாஷி ஒருவர், நல்ல மாதிரியாகத்தான், அவளிடம் சொன்னார்: "அண்ணனைப் பார்க்கணும்னா ஒரே வழிதான் கீது. நீயும் புள்ளையும் பேரு குடுங்க. கப்பல்ல ரெண்டு வேளை சோறு."

அவள் கரையில் உட்கார்ந்து கப்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செல்வம்மாள் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். மறுநாள் காற்று எழுந்தது. பாய்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அந்தக் கப்பலில் ஏறியவர்கள் யாரும் திரும்பி வந்ததாகப் பழவேற்காட்டில் ஒருவருக்கும் தெரியாது.

காட்டூரில் ஒரு நிலத்துக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் சாணி அள்ள இடம் கிடைத்தது. எச்சில் சோறும் வடித்த கஞ்சியும் கிடைத்தன. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. ஆறு வந்து ஏரி நிறைந்து, முகத்துவாரம் உடைத்துக்கொண்டது. நிலங்களில் ஏர் பூட்டினார்கள்.

வரதன் தன் கையால் பின்னிய சிறு வலையையாவது எடுத்துவரலாம் என்று அவள் ஒருநாள் புன்னைக்குப்பத்துக்குப் போனாள். பாதிக் குடிசைகள் காலி. மழை வந்ததும் கூட்டம் போடலாம் என்றிருந்தார்கள். ஆனால் யாரும் கூடவில்லை. தண்ணீர் வந்தது, மீன் வந்தது, தருமன் சொல்லைக் கேட்கத் தேவையும் இல்லாமல் போயிற்று. ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டார்கள். தருமன் காய்ச்சலில் கிடக்கிறான் என்றார்கள்.

குடிசை வாசலில் நின்று பார்த்தாள். கீற்று ஒழுகித் தரையெல்லாம் ஈரம். அவன் ஒரு பாயில் சுருண்டு கிடந்தான். பக்கத்தில் தண்ணீர்கூட இல்லை.

"யாரு?"

"அங்காளம்மா."

வெகுநேரம் மூச்சு வாங்கினான். "வரதன்..."

"கப்பல் போயிடுச்சு."

"மழை கொஞ்சம் முந்தி வந்திருந்தா..." என்றான். பிறகு, "நீயே சொல்லு. நான் வேற இன்னா பண்ணியிருக்க முடியும்? அரிசி இல்ல. ஆளுங்க ஓடறாங்க. யாரா இருந்தாலும் இங்கதானே வந்து நின்னிருப்பான்?"

அவள் இதை மாட்டுக்கொட்டிலில் படுத்துக்கொண்டு எத்தனையோ தரம் யோசித்திருந்தாள். இவன் குடிலை உடைக்காமல் இருந்திருந்தால் செல்வம்மாள் இன்று பத்தாவியாவில். உடைத்ததால் வரதன் அங்கே. எந்த இடத்தில் நின்றிருக்கலாம்? காவல் வைத்த அன்றா? கூட்டம் நின்ற அன்றா? அந்த இரண்டு நாளும் அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"முறை வெச்சுக் காவல் நிக்கலாம்னு அண்ணன் சொன்னான்."

"நின்னிருந்தா?"

"தெரியாது. எல்லாருமே செத்துகூடப் போயிருப்போம். ஆனா நீ பார்க்கவே வுடல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் வெளியே போய்ப் பானையில் மழைத்தண்ணீர் மொண்டுவந்து அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். வாயில் ஊற்றவில்லை. வரதன் குடிசையில் கிடந்த வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

கரையில் குப்பன் படகுகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். பழைய காவல்காரர்கள் கூட இருந்தார்கள். படகுகள் இனி குப்பனுடையவை என்று கோட்டை ஆட்களிடமும் புதிதாக வந்த கோல்கொண்டா அதிகாரியிடமும் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டானாம்.

"யக்கா, கரைவலை இழுக்க ஆள் போதல. வாயேன்" என்றான், நடந்தது எதுவும் நடக்காதது போல. "அந்த வலைய மட்டும் அங்க வெச்சுட்டுப் போ. கரையில கீற வலையெல்லாம் நம்மளுது."

துடுப்போடு நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். அவள் வலையை மணலில் போட்டாள். காறித் துப்பினாள். நடந்தாள். அன்று சாயந்திரமே தருமன் செத்துப்போனான் என்று பிறகு கேள்விப்பட்டாள். தூக்க ஆள் கிடைக்காமல் ஓடத்தில் வைத்து இழுத்துப்போனார்களாம்.

காட்டூரில் அந்தத் தை மாசம் அறுப்பு அமோகமாக இருந்தது. தாயும் மகளும் களத்தில் நின்று அடித்தார்கள், தூற்றினார்கள். அளக்கும் நாளில் பெண்கள் வரிசையாக முந்தானை ஏந்தி நின்றார்கள். நிலத்துக்காரர் மரக்காலில் தலைதட்டிப் போட்டுக்கொண்டே வந்தார். அங்காளம்மாளுக்குப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

"ஐயா, எங்களுக்கு எவ்ளோன்னு யாரு முடிவு பண்றது?" என்றாள் அவள்.

பக்கத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நிலத்துக்காரர் கோபப்படவில்லை. மரக்காலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

அவள் நெல்லை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். அனுப்பம்பட்டுப் பக்கம் இன்னும் அறுப்பு முடியவில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். செல்வம்மாளைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.